ஒலிவாங்கி பேசுகிறது!



மேடை ஏறியதும் நாம் முதலில் தேடுவது எதை? மாலையையா? அன்று! ஒலிவாங்கியை! அதைத் தட்டிப் பார்க்காமல் வாய் திறந்த பேச்சாளன் உண்டோ? பேச்சை வாங்கிக்கொள்வது அதன் தொழில். அந்த ஒலிவாங்கியே பேசத் தொடங்கினால்? பேச வைத்திருக்கிறார் ஒரு பெண்மணி.

மும்பைக் கலைஞர் சில்பா குப்தா, இருண்ட கூடமொன்றில் நூறு ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டார். ஒவ்வொன்றின் கீழும் கூரிய இரும்புக் கம்பி. கம்பியிலே குத்தி நிறுத்திய தாள். தாளிலே கவிதை வரி. எழுதிய எழுத்துக்காகவோ ஏற்ற கொள்கைக்காகவோ சிறைப்பட்ட நூறு கவிஞர்களின் வரிகள்! ஒரு ஒலிவாங்கி ஓதும். மற்றவை பின்பாட்டாய் எதிரொலிக்கும். படைப்பின் பெயர் பிறந்ததோ, அலெப்போ நகரிலே கொல்லப்பட்ட நசிமி என்னும் பழங்கவிஞனின் வரியிலிருந்து. 2018இல் எடின்பரோ, அதே ஆண்டு கொச்சி, 2019இல் வெனிஸ் என்று உலகம் அதைக் கேட்டது.

மந்திரமோ, மாயமோ அல்ல. காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள். குரல் பட்டால் அது அதிர்ந்து மின்சாரம் பிறக்கும். மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால் அதே சுருள் அதிர்ந்து குரல் பிறக்கும். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் ஆற்றல் அதற்குள்ளேயே உறங்கிக் கிடந்தது. கலைஞர் தட்டியெழுப்பினார், அவ்வளவே.

"கம்பியும் மின்சாரமும் கலையாகுமா?" என்று மூக்கைச் சுளிப்போர், மாமல்லபுரம் வரை நடந்து வரட்டும். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி, பாறைப் பிளவிலே நாகர்களைச் செதுக்கினான். மேலே தொட்டி அமைத்து அப்பிளவின் வழியே நீரை இறங்கவிட்டான் என்கின்றனர் ஆய்வாளர். கல்லோடு நீர்ப்பொறியையும் கலையாக்கியவன் அவன்! உளியைத் தொழுவோர் கம்பிச்சுருளைக் கண்டு கலங்குவானேன்?

நாடகம் எழுதும் எனக்கு இதிலே தனி அக்கறை உண்டு. அரங்கேறும் முன்பே நாடகத்தைத் தடுக்க வழிசெய்த சட்டம் 1954இல் இந்த மாநிலத்திலே பிறந்தது. அது செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது எப்போது? 2013இல்! ஐம்பத்தொன்பது ஆண்டுகள்! அந்தச் சட்டத்தின் நிழலிலே மூச்சடங்கிய வசனங்களை எந்தத் தாளில் தேடுவது, எந்தக் கம்பியில் கோப்பது?

எனக்கொரு குறையும் உண்டு. இத்தகைய படைப்புகள் வெனிசுக்குப் போகின்றன. கொச்சி வரை வருகின்றன. நம் கடற்கரைக் குப்பத்துக்கு வருவதில்லை. வலை பின்னுகிறவனுக்குக் காது இல்லையா? புதுப்பட்டினத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்திலே டச்சுக்காரர் கோட்டை கடலைப் பார்த்தபடி பாழடைந்து நிற்கிறது. அங்கே தொங்கட்டும் ஒலிவாங்கிகள்! 1918இல் கடலூர்ச் சிறையிலே அடைபட்ட பாரதியின் வரிகள் ஒன்றிலே ஒலிக்கட்டும். தடைபட்ட நாடகங்களின் வசனங்கள் இன்னொன்றிலே முழங்கட்டும். கலைப் பண்பாட்டுத் துறை இதைச் செய்யவேண்டும். செய்யுமாறு நாம் கேட்கவேண்டும், உங்கள் கிளைக் கூட்டத்திலே தீர்மானமாகவே கேளுங்கள்.

மின்சாரத்துக்கு எங்கே போவது என்று மட்டும் அதிகாரிகள் சொல்லிவிட முடியாது. பக்கத்திலேயே இருக்கிறது கல்பாக்கம்!