ராஸ்போர்ட் விவசாயி கேட்ட கேள்வியை நாமும் கேட்போம்!



கடலில் எரிவாயு எடுத்தால் மீனவருக்குத்தானே பாதிப்பு, நமக்கென்ன என்று நம்மில் பலர் இருக்கிறோம். கடலில் எடுத்த வாயு கடலிலேயே நிற்குமா? கரையேறும். கரையேறினால் அது போகிற பாதை யார் வயல்? நம்ம மாதிரி சம்சாரி வயல்தான்!

அயர்லாந்து நாட்டில் நடந்ததைப் பாருங்கள். மேயோ மாவட்டக் கரையிலிருந்து சுமார் 83 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கடியில் 1996இல் காரிப் எரிவாயுப் படுகை கண்டுபிடிக்கப்பட்டது. 2002இல் அது ஷெல் கம்பெனியின் கைக்கு வந்தது. வாயுவைக் கடலிலேயே சுத்தம் செய்யாமல், அப்படியே குழாயில் கரைக்கு இழுத்து, ஊருக்கு உள்ளே ஆலை வைத்துச் சுத்தம் செய்வது என்று திட்டம் போட்டார்கள். குழாய் போகும் வழியில் ராஸ்போர்ட் என்ற சின்னக் கிராமம். விவசாயிகள் சம்மதிக்காவிட்டாலும் கட்டாயமாக எடுத்துக்கொள்ள அரசு உத்தரவு கொடுத்தது.

அந்தக் குழாய் 345 பார் அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டது. நம்ம லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார். நாற்பது மடங்குக்கும் மேலே! "வெடித்தால் எங்கள் வீடு என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். கடலிலேயே சுத்தம் செய் என்றார்கள். நிலத்தில் கால்வைக்க விடவில்லை. நீதிமன்றத் தடையை மீறியதாக 2005 ஜூன் மாதம் ஐந்து பேரைச் சிறையில் தள்ளினார்கள். 94 நாள்! மன்னிப்புக் கேட்கவில்லை. ஊரே திரண்டது, கடைசியில் கம்பெனியே தடையை விலக்கிக்கொள்ள வேண்டி வந்தது. அந்த ஐவரில் ஒருவரான வில்லி கோர்டஃபுக்கு 2007இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

திட்டம் நின்றதா? இல்லை. 2015 டிசம்பர் கடைசியில் வாயு வந்தது. 2018இல் ஷெல் தன் பங்கை விற்றுவிட்டுப் போனது. குழாய் மட்டும் அங்கேயே கிடக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீடுகளுக்கு மிக அருகே குழாய் போவது பாதுகாப்பில்லை என்று 2009இல் அந்நாட்டுத் திட்ட அனுமதி வாரியமே சொன்னது. பாதை மாறியது, விரிகுடாவுக்கு அடியில் சுமார் 5 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டினார்கள். தரைப்பகுதி அழுத்தம் 100 பாராகக் குறைந்தது. பாதுகாப்பு இருக்கு, பயப்படாதே என்று முதலில் சொன்னதும் அதே ஆட்கள்தான்! எதிர்த்து நின்றதால் வந்த பாதுகாப்பு இது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை.

நம் நாட்டில் 1962ஆம் ஆண்டுக் குழாய்ப்பாதைச் சட்டப்படி நிலம் நம் பேரில்தான் இருக்கும். குழாய் பதிக்கும் உரிமை கம்பெனிக்குப் போய்விடும். அந்த இடத்தில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. பட்டா நம்ம கையில, பிடி அவன் கையில! ஆட்சேபணை சொல்ல, அறிவிப்பு நகல் மக்கள் பார்வைக்கு வந்ததிலிருந்து 21 நாள்தான் அவகாசம். திண்ணையில் பேசிக் கழித்தால் அந்த நாள் போய்விடும்.

ஆகவே அளவுக்கல் ஊன்ற ஆள் வந்தால் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஊர்கூடிக் கேளுங்கள்: அழுத்தம் எவ்வளவு? வீட்டுக்கும் குழாய்க்கும் தூரம் எவ்வளவு? விபத்து நடந்தால் பொறுப்பு யார்? பதில் எழுத்தில் வரட்டும். உங்கள் ஆட்சேபணையும் எழுத்தில் போகட்டும்!

ஐந்து பேர் உறுதியாக நின்றால் பாதையே மாறும். ஐம்பது கிராமம் நின்றால்?

ஒன்றுபடுவோம்! நிலம் காப்போம்!