கடவுச்சீட்டைப் பார்த்துப் பயிற்றுநரைத் தேடுகிறவருக்கு

மலேசியாவின் பினாங்கு எஃப்சி கால்பந்து அணியின் பயிற்றுநர் நாற்காலி லேசாக ஆடினால் போதும், ஒரு குரல் தவறாமல் கிளம்பிவிடும்: உள்ளூர் ஆட்கள் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து ஒருவரைக் கொண்டுவாருங்கள். இந்த முறை நண்பர் ஒருவர் அதைக் கட்டுரையாகவே எழுதிவிட்டார். மூன்று ஐரோப்பியர், ஒரு பிரேசில்காரர் என்று பெயர்ப் பட்டியலும் கொடுத்திருக்கிறார். பட்டியலாவது பரவாயில்லை, அதற்கு அவர் அடுக்கியிருக்கும் காரணங்களைத்தான் படிக்க முடியவில்லை.

அவருடைய முதல் சாட்சி 2021. செக் நாட்டுக்காரர் தோமாஷ் ட்ரூச்சா வந்தார், சூப்பர் லீக்கில் பினாங்கு மூன்றாம் இடம் பிடித்தது, வழக்கு முடிந்தது என்கிறார். மூன்றாம் இடம் உண்மைதான். ஆனால் நண்பரின் வரலாறு 2021-இல் பிறந்து 2021-லேயே செத்துப்போகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, கோவிட்டால் சுருங்கிப்போன பருவத்தில், பிரிமியர் லீக் கிண்ணத்தை வென்று இந்த அணியை மேல் பிரிவான சூப்பர் லீக்குக்குத் தூக்கியவர் மஞ்சூர் அஸ்விரா. காசாகிராண்டே, எண்ட்ரிக் போன்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் அப்போதே அணியில் இருந்தார்கள். ட்ரூச்சா சமையலறைக்குள் நுழைந்தபோது உலையில் அரிசி வெந்துகொண்டிருந்தது. அவர் நன்றாகவே பரிமாறினார், அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு என்ன ஆயிற்று? அதே ட்ரூச்சா 2022 பருவத்தைத் தொடங்கினார், முடிக்கவில்லை. பருவம் முடிந்தபோது பினாங்கு 12 அணிகளில் 12-ஆவது. இந்த ஒரு வரி நண்பரின் கட்டுரையில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாம் இடத்தை வெளிநாட்டார் கணக்கில் வரவு வைத்தவர், கடைசி இடத்தை யார் தலையில் எழுதப்போகிறார்?

சரி, ட்ரூச்சாவை விடுவோம். ஆஷ்லி வெஸ்ட்வுட்டை நண்பர் எப்படி மறந்தார்? இங்கிலாந்துக்காரர். இந்தியாவில் பெங்களூரு எஃப்சிக்கு 2013-14, 2015-16 என்று இரண்டு முறை ஐ-லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். நண்பர் கேட்கும் தகுதி அத்தனையும் அவரிடம் இருந்தது: ஐரோப்பியர், பட்டம் வென்றவர், ஆசியா தெரிந்தவர். 2017 பருவத்துக்குப் பினாங்கு அவரைக் கொண்டுவந்தது. சில மாதங்களிலேயே அனுப்பிவைத்துவிட்டு, மீதியைப் பார்த்துக்கொள்ள ஜைனல் அபிடின் ஹசானைக் கூப்பிட்டார்கள். அவராலும் முடியவில்லை, பினாங்கு கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் பினாங்கின் ஃபைஸ் சுப்ரி ஜூரிக் மேடையில் ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதை வாங்கியிருந்தார் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த விருதை வாங்கித் தந்த கோலையும் நண்பர் விடவில்லை. 2016 பிப்ரவரி 16, சிட்டி ஸ்டேடியம், பகாங்குக்கு எதிரான ஆட்டம். தூரத்தில் ஃப்ரீ கிக். பந்து ஒரு பக்கமாகக் கிளம்பி, கோல் காவலர் அந்தப் பக்கம் காலை எடுத்து வைத்த நேரத்தில், நடுவானில் வளைந்து மறுபக்க மூலையில் இறங்கியது. அப்போது பயிற்றுநர் பிரேசில்காரர் ஜாக்சன் தியாகோ, ஆகவே அதுவும் வெளிநாட்டுப் பயிற்சியின் விளைச்சலாம்! அடித்தது கெடாப் பையன். அப்படி வளைப்பதைக் கரும்பலகையில் எழுதிக் கற்றுக்கொடுக்க முடியுமென்றால் வருஷத்துக்கு ஒருவராவது அடித்திருக்க வேண்டாமா? ஜாக்சனுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பெருமை வேறு. 2015-இல் அணியை சூப்பர் லீக்குக்கு ஏற்றிவிட்டவர் அவர். அதைச் சொல்ல நண்பருக்குத் தோன்றவில்லை. 2016 பருவம் முடியுமுன் ஜாக்சனும் போய்விட்டார் என்பதையும் சொல்லவில்லை.

அடுத்து ஜொகூர் டாருல் தாக்சிம், அதாவது ஜேடிதி. ஜொகூரைப் பாருங்கள், எல்லாம் வெளிநாட்டுப் பயிற்றுநர் என்கிறார். நன்றாகவே பார்க்கிறேன். ஹோடாக், மரியோ கோமஸ், பெஞ்சமின் மோரா, எஸ்தெபான் சோலாரி என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2014-லிருந்து லீக் கிண்ணம் மட்டும் ஜொகூரைவிட்டு நகரவில்லை. யார் வந்தாலும் ஜெயிக்கும் அணியைக் காட்டி, பயிற்றுநரால்தான் ஜெயம் என்று வாதாட நண்பரால்தான் முடியும். அங்கே மாறாமல் இருப்பது பணம், திடல், இளையோர் அணிகள், எல்லாவற்றையும் நடத்தும் ஓர் அமைப்பு. அவற்றில் எதையும் விமானத்தில் ஏற்றி பினாங்கின் பாயான் லெப்பாஸில் இறக்க முடியாது.

வெளிநாட்டார் நிர்வாகத்தை எதிர்த்துப் பேசுவார், உள்ளூர்க்காரர் கைகட்டி நிற்பார் என்பது இன்னொரு கண்டுபிடிப்பு. பேசுகிறவருக்கும் கைகட்டுகிறவருக்கும் சம்பளம் ஒரே கணக்கிலிருந்துதான் வர வேண்டும். வெளிநாட்டார் என்றால் துணைக்கு ஒருவர், உடற்பயிற்சிக்கு ஒருவர், வீடு, விமானச் சீட்டு, பாதியில் அனுப்பினால் ஒப்பந்தப் பாக்கி. மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் 2023 பருவத்துக்கு உரிமம் கிடைக்காமல் வெளியேறிய நாட்டில் உட்கார்ந்துகொண்டு, செலவு என்ற சொல்லே வராமல் இவ்வளவு நீளக் கட்டுரை எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

வெளிநாட்டாரில் நல்லவரே இல்லை என்று நான் சொல்லவில்லை. குரோவேஷியாக்காரர் போயான் ஹோடாக் 2012-இல் கிளந்தானுக்கு மூன்று கிண்ணம் வாங்கிக் கொடுத்தார், 2021-இல் கேஎல் சிட்டியை வைத்து மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜேடிதியையே 2-0 என்று கவிழ்த்தார். ஆனால் அதற்குள் அவர் இந்த லீக்கில் பல பருவம் ஊறியிருந்தார். எந்த ஆட்டக்காரர் எந்த மழையில் வழுக்குவார் என்பதுவரை தெரிந்தவர். நண்பர் பட்டியலில் இருக்கும் நால்வரும் மலேசியாவில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. போர்த்துக்கல்காரர் நேலோ விங்கடாவும் பெரிய பெயரோடுதான் 2017-இல் தேசிய அணிக்கு வந்தார். ஒரு வெற்றிகூட இல்லாமல் அந்த ஆண்டே விலகினார். அவருக்குப் பின் வந்த உள்ளூர்க்காரர் தான் செங் ஹோ 2018-இல் அதே நாட்டை சுசுகி கிண்ண இறுதியாட்டம்வரை கொண்டுபோனார். பினாங்கிலேயே 2001 லீக் பட்டத்தையும் 2002 எஃப்ஏ கிண்ணத்தையும் கொண்டுவந்த இர்ஃபான் பக்தி எந்த நாட்டுக்காரர்?

தேசிய அணிப் பயிற்றுநராக இருந்த கே. ராஜகோபாலை நம் ஆள் என்பதற்காக இழுக்கவில்லை. 2010 டிசம்பர் 1, ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றார். டிசம்பர் 26 புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்றார். மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் மலேசியா முதல் முறையாக சுசுகி கிண்ணத்தைத் தூக்கியது. நடுவில் இருந்தது நான்கு வாரம். நம் நண்பர் அன்று கால்பந்துச் சங்கத்தில் இருந்திருந்தால் டிசம்பர் 2 காலையிலேயே ராஜகோபாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஐரோப்பியப் பட்டியலோடு வந்து உட்கார்ந்திருப்பார்.