குன்றின்மேல் கோட்டை ஏன்?

குவாலியர், கோல்கொண்டாக் கோட்டைகளைக் கண்டுவரும் நம் பிள்ளைகள், "இவ்வளவு உயரத்தில் ஏன் கட்டினார்கள்?" என்று வினவுவதுண்டு. "பகைவருக்கு அஞ்சித்தான்" என்று நாமும் விடையிறுத்து விடுகிறோம். எழுத்தறியாப் பழங்காலத்தில் எழுந்த குன்றுக் கோட்டைகளுக்கு அவ்விடை போதுமா என்பதை இத்திங்கள் காண்போம்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், டார்செட் மாவட்டத்தில், மெய்டன் காஸில் என்றொரு கோட்டை உண்டு. வரிசை வரிசையான மண்மேடுகளும் அகழிகளுமே அதன் அரண். கி.மு. 600 அளவில் தோன்றிப் பின்னர் 47 ஏக்கராக விரிந்தது. 1934 முதல் 1937 வரை அதனை அகழ்ந்தாய்ந்தவர் மார்ட்டிமர் வீலர். 1945-இல் புதுவைக்கருகே அரிக்கமேட்டை அகழ்ந்தவரும் அவரே. கோட்டையில் 20,000-க்கு மேற்பட்ட கவண்கற்கள் குவிந்திருக்கக் கண்டார். ஆகவே, போர் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், போர் ஒன்றே நோக்கமாயின் முதலில் வேண்டுவது தண்ணீர் அன்றோ? அக்குன்றுகள் சீமைச் சுண்ணாம்புப் பாறையாலானவை. மழைநீர் உச்சியில் தங்காது. உள்ளிறங்கி அடிவாரத்தில்தான் ஊற்றெடுக்கும். நெடுநாள் முற்றுகையைத் தாங்க ஏற்ற இடமன்று. எனினும், அவ்வுலர்ச்சியே வேறொரு நன்மை செய்தது. 1969 முதல் 1988 வரை பாரி கன்லிஃப் அகழ்ந்தாய்ந்த டேன்பரிக் கோட்டையில், பாறையிற் குடைந்த தானியக் குழிகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. தானியத்தைக் கொட்டி வாயைக் களிமண்ணால் அடைத்துவிட்டால், ஓரத்து மணிகள் சிறிது முளைத்து உள்ளிருக்கும் பிராணவாயுவைத் தீர்த்துவிடும். எஞ்சியவை மாதக்கணக்கில் கெடாதிருக்கும். அடுத்த ஆண்டு விதைப்புக்கும் அக்குன்றே களஞ்சியமாயிற்று.

மற்றொரு காரணம் பழைய நினைவு. மெய்டன் காஸிலின் முதற்கோட்டை எழுந்த அதே பகுதியில், ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்னரே புதிய கற்கால மக்கள் அகழி வெட்டிக் கூடியிருந்தனர். கோட்டை கைவிடப்பட்டு நெடுங்காலம் சென்றபின், கி.பி. நான்காம் நூற்றாண்டில், அங்கே ஒரு கோயில் எழுந்தது. உச்சியில் நிற்போர்க்கு வயலும் மேய்ச்சல் நிலமும் தெரியும். வயலில் உழைப்போர்க்கும் புதிதாக வெட்டிய வெண்ணிற மேடு தொலைவிலிருந்தே பளிச்சிட்டிருக்கும். பகைவனை அச்சுறுத்திய அதே காட்சி, "நம்மிடம் இதோ" என்று உற்றாரை அழைத்தது.

இனி ஒரு கோட்டைக்குச் சென்றால், மதிலை அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாது, உச்சியேறிக் கீழே நோக்குங்கள். வயல் எங்கே, நீர் எங்கே, வழி எங்கே, பழங்கோயில் எங்கே என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் வினாவுக்கு அவர்களே விடை காண்பார்கள்.