காயில் மேல் பழி

பழைய புல்லட் வைத்திருக்கும் கனவான்கள் மீது எனக்கு நெடுநாளாக ஒரு கோபம் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். ஆகவே கோபித்துக்கொள்ள உரிமையும் உண்டு. பெட்ரோல் டாங்கில் தங்கக் கோடு சற்றே மங்கிவிட்டால் போதும், கோடு போடும் கைக்காரனைத் தேடித் தெருத்தெருவாக அலைவார்கள். சைலன்ஸருக்கு முலாம் பூச ஆயிரம் ஆயிரமாகக் கொட்டுவார்கள். ஆனால் காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் ஒரு முழ ஒயரை மாற்றச் சொல்லிப் பாருங்கள். "அது நன்றாகத்தானே இருக்கிறது!" என்பார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அதுதான் அதன் வஞ்சகம்.

1955இல் சென்னையில் என்பீல்டு இந்தியா ஏற்பட்டது. திருவொற்றியூரிலிருந்து பல்லாண்டுகள் வெளிவந்த அந்த வண்டிகளின் மின்சார ஏற்பாட்டில் ரகசியம் ஒன்றும் இல்லை. காயிலுக்குள் தடித்த கம்பி சில நூறு சுற்று, மயிரிழைக் கம்பி பல ஆயிரம் சுற்று. சி.பி. பாயிண்ட் திறக்கும் கணத்தில் காந்தப் புலம் குலைகிறது. 6 வோல்ட் பாட்டரியின் சக்தி ஆயிரக்கணக்கான வோல்ட்டாகத் துள்ளி எழுகிறது. அமெரிக்காவில் கெட்டரிங் 1910ஆம் வருஷத்துக் காடில்லாக் காருக்குச் செய்த ஏற்பாட்டின் வழிவந்ததுதான் இது. இத்தனை ஆவேசத்தோடு வரும் மின்சாரம், ஒயரில் ஒரு வெடிப்பைக் கண்டால் பிளக் வரை மெனக்கெட்டுப் போகுமா? பக்கத்திலிருக்கும் இரும்புச் சட்டத்தில் இறங்கிவிடும்.

ஒரு மார்கழி விடியற்காலையில் கடப்பாக்கத்தருகே என் வண்டி நின்றது. அதற்கு முந்தைய ஓராண்டில் நகரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் இரண்டு தடவை புதுக் காயில் போட்டிருந்தேன். ஆலம்பரைக் கோட்டைப் பக்கமிருந்து உப்பங்காற்று வீசிக்கொண்டிருந்தது. பனி ஸீட்டில் சொட்டியது. தள்ளிக்கொண்டே போய் ஒரு கீற்றுக் கொட்டகையை அடைந்தேன்.

"காயில் போயிடுச்சு போலிருக்குண்ணே" என்றேன், மேதாவி போல.

பெரியவர் பதில் சொல்லவில்லை. பிளக் கேப்பைத் திருகி எடுத்து ஒயரின் முனையை என் கண்ணெதிரே நீட்டினார். செப்புக் கம்பி பாசி பிடித்த குளத்துப் படிபோல் பச்சையாக இருந்தது. கத்தியால் அரை அங்குலம் நறுக்கினார்; இன்னும் பச்சை. மறுபடி நறுக்கினார், சிவப்புச் செம்பு தெரிந்தது. "காயில் என்ன சார் பண்ணும், பாவம்? உப்புக் காத்து. ஊருக்குப் போனதும் ஒயரை மாத்திடுங்க" என்றார். மூன்றாவது உதைக்கு வண்டி கிளம்பிவிட்டது.

அப்படியானால் புதுக் காயில் போட்டபோதெல்லாம் வண்டி ஓடியதே, எப்படி? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். காயிலை மாற்றுகிறவன் ஒயரைக் கழற்றித் திருப்பி மாட்டுகிறான். அந்த உரசலில் பாசி கொஞ்சம் விலகுகிறது. புகழ் புதுக் காயிலுக்கு, பழி பழைய காயிலுக்கு, பணம் கடைக்காரருக்கு! குற்றமற்ற என் இரண்டு காயில்களும் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

மெக்கானிக்கை மட்டும் சொல்லிப் பயனில்லை. நாமே காயிலைக் கொல்லுகிறோம். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மறந்து காப்பி சாப்பிடப் போகிறோம். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் அடுப்பாகக் கொதிக்கும். ஹெட்லைட் தலையிலுள்ள அம்மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ந்து கூப்பாடு போடும், யார் பார்க்கிறார்கள்? 12 வோல்ட்டுக்கு மாற்றிய வண்டியில் பழைய 6 வோல்ட் காயிலையே விட்டுவைக்கும் சிக்கனசாலிகளையும் நான் அறிவேன். பொறி வருகிறதா என்று பார்க்க ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டு உதைக்கிறவர்கள் இன்னொரு ரகம். போக வழியில்லாத மின்சாரம் காயிலின் உள்காப்பையே பொத்துக்கொண்டு போகும். பிளக்கை ஒயரில் மாட்டி, சிலிண்டர் தலையில் படும்படி வைத்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

என்மேல் ஆத்திரப்படும் கனவான்கள் ஒரு காரியம் செய்யட்டும். இன்று இரவு, தெருவிளக்கு எட்டாத இடத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிடுங்கள். கையால் தொடாதீர்கள். ஒயர்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு, ஹெட்லைட்டை அணைத்துக் குனிந்து பாருங்கள். நீல நிறத்தில் ஏதாவது ஊர்ந்து ஓடினால், நாளைக் காலையில் கடைக்குப் போய் ஒயர் மட்டும் கேளுங்கள்.