முதியவர்களுக்கு இருதய அறுவை சிகிச்சை: ஆபத்தைக் குறைக்கும் வேலை வீட்டிலேயே தொடங்குகிறது

"வயதாகிவிட்டது, இனிப்பு நீரும் இருக்கிறது, நெஞ்சைத் திறக்க வேண்டாம்." இருதய அறுவை சிகிச்சை தேவை என மருத்துவர் சொன்னதும் நம் குடும்பங்கள் பலவற்றில் எழும் பேச்சு இது. அச்சம் நியாயமானதே. ஆனால் வயது மட்டுமல்ல, கூடவே இருக்கும் நோய்களும் ஆபத்தைக் கூட்டுகின்றன. அவற்றில் பலவற்றை முன்கூட்டியே கட்டுப்படுத்த முடியும்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் நெஞ்சுக் காயம் ஆறத் தாமதமாகும். கிருமித் தொற்று ஏற்படலாம். பலவீனமான சிறுநீரகம் அறுவைக்குப் பின் மேலும் பாதிக்கப்படலாம்.

அதற்காகச் சிகிச்சையையே மறுப்பதும் ஆபத்துதான். நீரிழிவுடன் பல இரத்தக் குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேரிடம் நடத்தப்பட்ட 'ஃப்ரீடம்' ஆய்வு 2012-இல் வெளியானது. ஐந்தாண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 விழுக்காடு, பைபாஸ் செய்தவர்களில் 18.7 விழுக்காடு. பக்கவாதம் மட்டும் பைபாஸ் பிரிவில் கூடுதல்.

அவசர அறுவையாக இல்லாவிட்டால், காத்திருக்கும் வாரங்களை வீணாக்கக் கூடாது. புகைப்பதை உடனே நிறுத்த வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தச்சோகை, சிறுநீரகம் ஆகியவற்றைப் பரிசோதித்துச் சீராக்க வேண்டும். வால்வு அறுவை என்றால் பற்களையும் காட்ட வேண்டும். மருத்துவர் அனுமதித்த அளவில் நடைப்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் உதவும்.

மருந்து விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் சில மாத்திரைகளையும் நீரிழிவு மாத்திரைகள் சிலவற்றையும் அறுவைக்குச் சில நாள்களுக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். எதை, எப்போது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நாட்டு மருந்து, லேகியம் உட்பட சாப்பிடும் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மறைப்பதுதான் ஆபத்து.

பெருந்தமனி வால்வு சுருங்கிய முதியவர்கள் சிலருக்கு, நெஞ்சைத் திறக்காமல் தொடை இரத்தக் குழாய் வழியே புது வால்வு பொருத்தும் முறையும் உண்டு. 2002-இல் முதன்முதலாகச் செய்யப்பட்ட இம்முறை இன்று மலேசியாவிலும் உள்ளது.

ஆகவே, "வேண்டாம்" என்று சொல்லும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: செய்தால் என்ன ஆபத்து? செய்யாவிட்டால் என்ன ஆபத்து? அதற்குள் எதைச் சரிசெய்யலாம்? நோயாளியையும் பக்கத்தில் உட்கார வைத்தே கேளுங்கள். முடிவில் முதல் உரிமை அவருடையது.