காலையில் நொண்டும் பிள்ளை

மூட்டுவாதம் முதியோர்க்கே உரிய பிணியென்று நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. 1897ஆம் ஆண்டிலேயே இலண்டன் மாநகரில் ஜோர்ஜ் பிரெடெரிக் ஸ்ரில் என்னும் வைத்தியர் குழந்தைகளின் மூட்டுப்பிணியை விரித்தெழுதினார். 16 வயது நிரம்பாத பிள்ளைக்கு, வேறு காரணம் புலப்படாமல், 6 வாரமேனும் மூட்டழற்சி நீடிப்பின் அது இப்பிணியே என்று இன்றைய வைத்தியர் கொள்வர்.

தமிழாசிரியனுக்கு இரத்தப் பரிசோதனையில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். முதற்பாடத்துக்குப் பிந்தி, நொண்டிக்கொண்டு வரும் பிள்ளையை முதலிற் காண்பவன் ஆசிரியனன்றோ? அதே பிள்ளை இடைவேளையிற் பந்தடிப்பான். உடனே ‘பாசாங்கு’ என்போம். உறங்கி எழுந்ததும் மூட்டு விறைத்திருந்து, நடமாட நடமாட இளகுவது இந்நோயின் இயல்பென்பதை அறியோம். பிந்தியவனை முழந்தாளிட வைக்கும் வழக்கமும் நம் நாட்டில் இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. வீங்கிய முழங்காலுக்கு அதனினுங் கொடியது வேறுண்டோ!

எலும்பு முனைகளைப் போர்த்து நிற்பது குருத்தெலும்பு. நம் விஞ்ஞான பாடநூல்கள் இதனைக் கசியிழையம் என்னும். அதற்கு நரம்புமில்லை, இரத்தக்குழாயுமில்லை. ஆதலின் தான் தேய்வதை அது தானே அறிவிப்பதில்லை. எக்ஸ்ரே படத்திலும் அது தோன்றாது. எலும்புகளின் இடைவெளி குறுகிய பின்னரே சேதம் புலனாகும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்னும் வழமையான பரிசோதனைகள் அழற்சியைக் காட்டுவனவேயன்றிக் குருத்தெலும்பின் நிலையைக் காட்டுவன அல்ல. ஓரிரு மூட்டுகளில் மட்டும் நோயுள்ள பிள்ளையிடம் அவை சீராகவே இருத்தலுங் கூடும்.

ஆகவே ஆய்வாளர், குருத்தெலும்பிலிருந்து இரத்தத்திற் கலக்கும் பொருள்களை அளந்து பார்க்கின்றனர். ‘கோம்ப்’ எனப்படும் புரதம் அவற்றுள் ஒன்று. வளர்ந்தோரில் அதன் மிகுதி மூட்டுச் சேதத்தைக் குறிக்கலாம். பிள்ளைகளிலோ, வளரும் எலும்பின் முனைகளிலும் குருத்தெலும்பு ஓயாது ஆகியும் அழிந்தும் வருவதால், வளர்ச்சியின் அடையாளமும் நோயின் அடையாளமும் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன. காய்ச்சலோடு உடலெங்கும் பரவும் வகையில், நோய் கடுமையாயிருந்த வேளை அப்புரதம் குறைந்திருந்ததையே ஆய்வாளர் கண்டனர். வயதையும் வளர்ச்சியையும் எண்ணாது ஒற்றை இலக்கத்தை வைத்துத் தீர்ப்புரைத்தல் ஆகாது.

அப்பரிசோதனை தேர்ந்து நம் கரைக்கு வரும்வரை பிள்ளையின் மூட்டு காத்திராது. 2006ஆம் ஆண்டுச் சிக்குன்குனியாவுக்குப் பின், புத்தளம் முதல் உடப்பு, சிலாபம் வரை, மூட்டு நோவென்றாற் ‘காய்ச்சலின் மிச்சம்’ என்று எண்ணெய் பூசி இருந்துவிடுவோர் உளர். மெதோத்திரெக்சேற்று முதலிய மருந்துகளைக் காலத்தே தொடங்கினால் மூட்டைப் பெரும்பாலும் காக்கலாம். புத்தளத்திலும் சிலாபத்திலும் அரசினர் வைத்தியசாலைகள் உள. அப்பாற் கொழும்பிற் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை உண்டு. கட்டணமில்லை. பெற்றோரை அழைத்துச் சொல்வதற்கு ஆசிரியர்க்கு வேண்டுவது ஐந்து நிமிடமே.

மற்றொன்று. இந்நோய் சிவப்போ நோவோ இன்றிக் கண்ணையும் தாக்கும். மூட்டு வீங்கிய பிள்ளையைக் கண் வைத்தியரிடமும் காட்டுமாறு அப்பொழுதே சொல்லிவிடுக.