குடித்தவள் நான்தான்

"குடும்பத்தாருக்கான கூட்டம் மாடியிலக்கா. வீட்டுக்காரர் உள்ள போயிட்டாரா?"

சென்னையில் ஒரு தேவாலய வளாகத்துப் பள்ளிக்கூட வகுப்பறை. மாலை ஏழு மணி. வாசலில் நின்ற தம்பி என்னிடம் கேட்டது இதைத்தான். கேலியாக அல்ல, அக்கறையோடுதான் கேட்டார். எனக்காக ஒரு டம்ளர் டீ வேறு நீட்டினார். "குடிச்சது நான்தான் தம்பி" என்று சொல்ல எனக்கு நான்கு வாரம் பிடித்தது. அந்த நான்கு வாரமும் மாடியில் குடிநோயாளிகளின் மனைவியர் நடுவே உட்கார்ந்து, குடிக்காத கணவனைக் குடிகாரன் என்று பொய் சொன்னேன். வீடு திரும்பியதும் குடித்தேன்.

தம்பியைக் குற்றம் சொல்லமாட்டேன். அவருக்கு அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களில் நாமும் உண்டு. 2003இல் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்த நாளிலிருந்து நம் மேடைகளில் குடிப்பவன் ஆண், அழுபவள் பெண். கடைகளை மறித்த பெண்களின் கோபம் நியாயமானது. நானும் ஒரு மறியலில் நின்றிருக்கிறேன், கைப்பையில் குவார்ட்டர் பாட்டிலோடு. குடிக்கும் பெண்ணைக் கலாச்சாரக் காவலர்கள் ஏசும்போது "அது அவள் உரிமை" என்கிறோம். அதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. குடிக்கும் உரிமைக்கு வாதாடினோம், சரி. நிறுத்த முடியாமல் தவிப்பவளுக்கு யார் வாதாடுவது?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் இரண்டு ஆண்கள் தொடங்கியது. 1939இல் வந்த அதன் மூலநூலில் மனைவியருக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. மனைவியரே பேசுவதுபோல இருக்கும். எழுதியவரோ நிறுவனர்களில் ஒருவரான பில் வில்சன். அதை எழுத விரும்பிய அவர் மனைவி லோயிஸுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அதே லோயிஸ்தான் பின்னால், 1951இல், இன்னொரு பெண்ணோடு சேர்ந்து குடும்பத்தாருக்கான அல்-அனானை உருவாக்கினார். மனைவிக்கு மாடியில் இடம் கிடைத்தது. குடிக்கும் பெண்ணுக்கு? மார்ட்டி மான் என்ற பெண் 1939லேயே அந்த ஆண்கள் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்து, இடத்தைத் தானே எடுத்துக்கொண்டார்.

"நோய்க்கு ஆண் பெண் கிடையாது, கூட்டம் எல்லோருக்கும் பொது" என்பார்கள். உண்மைதான். கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஆனால் அந்த நாற்காலிவரை வரும் வழி பொதுவா? மாலை ஏழு மணிக்கு ஆண் கிளம்பினால் "திருந்தப் போகிறார்" என்று வீடு வழியனுப்பும். நான் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுக் கிளம்பினேன். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் ஸ்பான்சர் என்பது அங்கே வழக்கம். நல்ல வழக்கம்தான். முப்பது பேரில் நான் ஒருத்தி மட்டும் பெண் என்றால், நள்ளிரவில் கை நடுங்கும்போது யாருக்குப் போன் செய்வது? "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆண் சொன்னால் கைதட்டல். அதே வார்த்தை வெளியே கசிந்தால் என்னிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க வழக்குப் போடுவார்கள்.

இத்தனைக்கும் காத்திருக்க எங்கள் உடலுக்கு நேரமில்லை. பெண்ணுடலில் நீரின் அளவு குறைவு. அதனால் ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் சாராயத்தின் செறிவு கூடுதலாக ஏறும். ஈரலும் சீக்கிரம் கெடும். வெட்கத்தால் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடத்துக்கும் பெண் அதிக விலை கொடுக்கிறாள்.

இன்னொன்று. மதுவின் முன் தன் பலமின்மையை ஒப்புக்கொள்வதுதான் பன்னிரண்டு படிகளில் முதல் படி. அகங்காரம் முற்றிய ஆணுக்கு அது மருந்து. "உன்னால் என்ன முடியும்" என்று கேட்டே வளர்ந்தவளுக்கு? இந்தக் கேள்வியோடுதான் சமூகவியலாளர் ஜீன் கிர்க்பாட்ரிக் 1970களின் நடுவில் அமெரிக்காவில் பெண்களுக்கென்று தனிக் குழு தொடங்கினார். நான் படிகளை வீசி எறியச் சொல்லவில்லை. அந்த வகுப்பறையின் தயவில்தான் மூன்று வருடமாகக் குடிக்காமல் இருக்கிறேன். அந்த உரிமையில்தான் சண்டையும் போடுகிறேன்.

கேட்பது பெரிதல்ல. பகல் பதினொரு மணிக்கு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரக்கூடிய ஒரு பெண்கள் கூட்டம். ஒரு குழு தொடங்க இரண்டு மூன்று பேர் போதும் என்பது அவர்களின் மரபே. இல்லாதது அறைதான். பெண்கள் அமைப்புகளே, உங்கள் அலுவலகம் வாசகர் வட்டத்துக்கு மாதம் ஒரு ஞாயிறு திறக்கிறது, மற்ற நாள் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. சாவியைக் கொடுங்கள்.

இதை ஒளித்துவைத்துப் படிக்கும் தோழிக்கு ஒரு வார்த்தை. தினமும் குடிப்பவள் என்றால் தனியாக, திடீரென்று நிறுத்தாதே. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவரைப் பார், உள்ளதை உள்ளபடி சொல். பிறகு கூட்டத்துக்கு வா. மாடிக்கு அனுப்பினால் போகாதே.

வாசலில் இப்போது சில வாரங்களில் டீ கொடுப்பது நான்தான். வருகிற பெண்ணிடம் வீட்டுக்காரரைப் பற்றி நான் விசாரிப்பதில்லை.